ஊசிமிளகாய் வீட்டுக்கு வந்த பிள்ளை

அந்தப் பேக்கரியில் இனிப்பே சேராத சரக்கு ஒன்று உண்டு, அது கேக்கில் எழுதுகிற அம்மாதான் என்று அடுப்படியில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அவளுக்கு ஊசிமிளகாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். "பேரு வைக்கிற அளவுக்கு மூளை வேலை செய்யுதே, சந்தோஷம்" என்று சொல்லி விட்டுவிட்டாள்.

கடையின் பின்கட்டில் குளிர்பெட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் அவளுடைய மேஜை இருந்தது. க்ரீம் நிரப்பிய கோனைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள் என்றால் எழுத்துகள் முத்துப் போல விழும். ஒன்று சாயாது, ஒன்று தடிக்காது. கை அந்தப்பக்கம் ஓட, வாய் இந்தப்பக்கம் ஓடும்.

"'எங்கள் குட்டி இளவரசிக்கு' எழுதணுமாம். இளவரசியை இப்பத்தான் வாசல்ல பார்த்தேன். அவங்க அம்மாவைப் பார்த்து 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு கத்திட்டு நிக்குது. தெரியாதவதான்டி உனக்குக் கேக் வாங்க வந்திருக்கா."

மாவு பிசைகிறவர் சிரிப்பார். பாத்திரம் கழுவுகிற அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்பாள். டீ வேளைதான் அங்கே விசேஷம். அப்போது ஊசிமிளகாய் தன் வீட்டுக் கதையை எடுப்பாள். அவளுக்குப் பதினேழு வயதில் ஒரு மகள், பதினாலு வயதில் ஒரு மகன். கதைக்குப் பஞ்சமே இல்லை.

"பல்லு முளைக்கும்போது அழுதா ஊரே மருந்து சொல்லுது. மீசை முளைக்கும்போது கத்தினா எவன்கிட்டயும் மருந்து இல்லை. என் பையன் ஈரத்துண்டைக் கட்டில்லதான் போடுவான். கொடி இருக்குடான்னா, கொடியா, எங்கன்னு கேக்கறான். பொறந்ததுலேர்ந்து அந்தக் கொடிக்குக் கீழதான் நடக்கறான்."

மகள் கதை இன்னும் நன்றாகப் போகும். மூக்கு நுனியில் ஒரு பரு வந்ததற்காக மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டதை அவள் நடித்தே காட்டினாள். போர்வையை மூக்கு வரை இழுத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, "நான் செத்துப் போனாலும் வெளிய வரமாட்டேன்" என்று மகளின் குரலிலேயே சொன்னாள். மாவு பிசைகிறவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டில் மகள் பேச்சைக் குறைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் எப்படி என்றால் "ம்". சாப்பிட்டாயா என்றால் "ம்". ஏன் முகம் வாடியிருக்கிறது என்றால் அதற்கும் அதே "ம்", பிறகு கதவு. மகளின் அறைக் கதவைத் தாழ்ப்பாளின் சத்தத்தை வைத்தே அவள் படிக்கக் கற்றிருந்தாள். மெதுவாகப் போட்டால் தலைவலி, அறைந்து போட்டால் சண்டை, போடாமல் சாத்தினால் பசி. பெற்ற பிள்ளையைத் தாழ்ப்பாள் வழியாகத் தெரிந்துகொள்வதுதான் குடும்பம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்க வழி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு அசையமாட்டார். பிள்ளைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் "சரியாயிடும்" என்பார். "தானா சரியாறதுக்கு இதென்ன சளியா?" என்று அவள் கேட்பாள். அதற்கும் அவர் தலையாட்டுவார்.

அவளுக்கு ஒரு அக்கா. நகரத்தின் அந்தக் கோடியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு. அக்கா வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆலோசனை சொல்கிறவள். படித்தது வேறு எதற்கோ. ஆனால் போனில் பேசிப் பதிவு போட ஆரம்பித்து, அதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்து, இப்போது பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டு மாலையில்லாத குறையாக மேடையேற்றுகிறார்கள். அக்காவுக்கு ஒரே மகன், பதினாறு வயது. ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறாள், இரண்டு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்பது தங்கையின் அபிப்பிராயம்.

அந்த அக்காவைத் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே பேசக் கூப்பிட்டபோது ஊசிமிளகாய்க்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. பேக்கரி உடுப்பை மாற்றிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மகள் நாலு வரிசை முன்னால், தாய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லாத தூரத்தில்.

அக்கா ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, மேடையில் நடந்து நடந்து பேசினாள். குரலில் தேன் ஒழுகியது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. அங்க அம்மா பேசுறதே கிடையாது, கத்துறதுதான். அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்? கதவைச் சாத்திக்கும். தப்பு யார் மேல? கதவு மேலயா?"

கூட்டம் சிரித்தது. பேக்கரிக்கு வந்து போகிற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசிமிளகாய்க்குக் காது சுட்டது. ஒலிபெருக்கியைப் பிடுங்கி அக்காவின் சின்ன வயதுக் கூத்துகளை வரிசையாகச் சொன்னால் என்ன என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில், அக்கா அடுத்த கதைக்குப் போய்விட்டாள்.

"என் பையன் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான். போன மாசம் ஒரு பொண்ணுகிட்ட மனசுல இருக்கறதைச் சொல்லியிருக்கான். அது வேணாம்னுடுச்சு. என் மடியில தலை வச்சு அழுதான். நான் திட்டலை. உட்கார்ந்து பேசினோம். பேசினா எல்லாம் சரியாகும்."

முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. ஊசிமிளகாய் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா மகனைப் பற்றி அவள் அப்போது நினைக்கவே இல்லை. தன்னைச் சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரம் ஒன்றுக்கே மனதில் இடமிருந்தது.

அக்கா அந்தப் பேச்சை வழக்கம்போலப் பதிவாகப் போட்டாள். அது ஓடு ஓடென்று ஓடியது.

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம். திருமணக் கேக் ஒன்றில் மாப்பிள்ளை பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, பேக்கரியின் பின்வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. நிமிர்ந்தாள். அக்காவின் மகன். முதுகில் பள்ளிக்கூடப் பை, கையில் துணிகளைத் திணித்த இன்னொரு பை.

"என்னடா, ஸ்கூல் இல்லையா?"

"போகலை சித்தி."

"ஏன்?"

அவன் வாசலுக்கு வெளியே பார்த்தான். "பசங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. அந்தப் பொண்ணும் பார்த்துட்டா. நான் கிளாசுக்குள்ள போனா ஒருத்தன் மடியைத் தட்டிக் காட்டி, 'வாடா, படுத்துக்கோ, அழு'ங்கறான்."

எழுத்தின் நடுவில் அவள் கோனைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது அபூர்வம்.

"வீட்ல சொன்னியா?"

"சொன்னேன். உட்கார்ந்து பேசலாமான்னு கேட்டாங்க." அவன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நான் உங்க வீட்ல இருக்கட்டுமா சித்தி?"

"என் வீட்லயா? உங்கம்மா சொன்ன வீடு அதுதான்டா. நான் கத்துவேன்."

"தெரியும். நீங்க கத்திட்டு விட்டுடுவீங்க."

மாவு பிசைகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கேக்கை முடித்தாள், கையைக் கழுவினாள், முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவள் திட்டியது அக்காவை அல்ல, பேருந்துக்காரனை.

வீட்டில் கணவர் அவனையும் பையையும் பார்த்தார். "வந்தியா? செருப்பை உள்ள வை, நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றார். விசாரணை அவ்வளவுதான். மகன்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். தன் கட்டிலில் பாதியைக் கொடுக்க வேண்டுமே. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான். "நீ இந்த வீட்ல எத்தனை நாளா இருக்கே, நான் கேட்டேனா?" என்றாள் தாய்.

அக்காவுக்குப் போன் போட்டாள். "உன் பிள்ளை இங்க இருக்கான்."

"அவனுக்கு இப்ப கொஞ்சம் இடைவெளி தேவைப்படுது. நான் அதை மதிக்கிறேன்" என்றாள் அக்கா, அதே தேன் குரலில்.

"நீ மதிச்சா என்ன, மிதிச்சா என்ன. அவன் வரமாட்டான்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலையில் அக்கா மகனுக்கு முதல் திட்டு விழுந்தது. குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டிருந்தான். இந்த வியாதி ஒட்டுவாரொட்டியா என்று ஆரம்பித்து, இரண்டு வீட்டுப் பரம்பரையையும் இழுத்து, தெருக்கோடி வரை கேட்கும்படி அவள் முடித்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் விருந்தாளிக்கு நேர்ந்த கதியைப் பார்த்துத் திகைத்து நின்றன. அவன் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, "அவ்ளோதானா சித்தி?" என்று கேட்டான்.

"வேற என்ன வேணும்? வந்து சாப்பிடு."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சாப்பிடும்போது சொன்னான். அவன் வீட்டில் யாரும் கத்துவதில்லை. ஸ்பூன் கீழே விழுந்தால்கூட, அது விழுந்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று கேட்பார்கள். ஒன்றும் தோன்றவில்லை என்றால், ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ஒருமுறை பேச்சு முடிவதற்குள் சோறு காய்ந்துவிட்டது. அப்பா பாதியில் எழுந்து போய்விட்டார், அதற்குத் தனியாக ஒரு பேச்சு நடந்தது.

மகன் வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறினான். கதவுக்குப் பின்னால் இருந்த மகள்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாய் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். கையில் ஆப்பிள் நிறைந்த ஒரு பை, முகத்தில் தூங்காத கண்ணுக்கு மேல் தீட்டிய மை. கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, உள்ளறைப் பக்கம் பார்த்து, "கண்ணா, கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?" என்றாள்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்த சத்தம்தான் பதிலாக வந்தது. கதவைச் சாத்திக்கொண்டது யார் பிள்ளை என்று சொல்ல அங்கே ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

ஊசிமிளகாய் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தப்பு யார் மேல? கதவு மேலயா?"

"குத்திக் காட்டாதடி."

"நான் குத்தறேனா? ஊருக்குத்தான் உபதேசமா? அவன் உன் மடியில வந்து அழுதான். அழுதது உன்கிட்ட. அதைத் தூக்கிட்டுப் போய் மண்டபத்துல பந்தி வச்சிருக்கே."

"அதைக் கேட்டு எத்தனை பேர் எனக்கு எழுதியிருக்காங்க தெரியுமா? எங்க பிள்ளைகிட்ட இன்னிக்குத்தான் பேசினோம்னு..."

"அவங்க பிள்ளைகிட்ட அவங்க பேச உன் பிள்ளை அம்மணமா நிக்கணுமா?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். தேன் வற்றியபோது குரல் அவர்களுடைய சின்ன வயதுக் குரலாகிவிட்டது. "நீ பேசாதடி! என் பிள்ளை என்கிட்ட எல்லாம் சொல்லுவான். உன் பொண்ணு உன்கிட்ட ஒரு வார்த்தை பேசுவாளா? அந்த வயித்தெரிச்சல்தானே உனக்கு?"

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஊசிமிளகாய் வாயைத் திறப்பதற்குள் மகளின் அறைக் கதவு திறந்தது. மகள் வந்து நடுக்கூடத்தில் நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றாள்.

"நீ உள்ள போ" என்றாள் தாய்.

"போமாட்டேன். பெரியம்மா ஊருக்குச் சொல்றாங்க. நீ பேக்கரிக்குச் சொல்ற. அவ்ளோதான் வித்தியாசம். அன்னிக்குச் சாவி வாங்க உன் பேக்கரிக்கு வந்தேனே, அந்த மாவு பிசையற அண்ணன் என்னைப் பார்த்து என்ன கேட்டாரு தெரியுமா? 'மூக்குல இருந்தது போயிடுச்சாம்மா'ன்னாரு. பாத்திரம் கழுவறவங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் உன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்?"

"அது வேற..." என்றாள் தாய்.

"எப்படி வேற?"

ஊசிமிளகாய்க்குத் தெரியவில்லை. அது வேறுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அடுப்படியில் நாலு பேர் சிரிப்பதும் மண்டபம் நிறைந்து கைதட்டுவதும் ஒன்றாகுமா? ஆனால் வாய்க்குள் எவ்வளவு தேடியும் அந்த 'வேறு' கிடைக்கவில்லை. கிடைக்காத கோபத்தில் கணவரைப் பார்த்தாள்.

"நீங்க என்ன கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"டீ போடவா?" என்றார் அவர்.

அப்போதுதான் அக்காவின் மகன் வெளியே வந்தான். அவன் அழவில்லை. பெரிய பேச்சும் பேசவில்லை. "பரீட்சை முடியற வரைக்கும் இங்க இருக்கேன்மா. அப்புறம் வரேன். அந்தப் பதிவை எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் கண்ணா, நாம அதைப் பத்தி..."

"பேச வேணாம்மா. இப்ப எடுங்க."

அக்கா போனை எடுத்தாள். அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அழுத்தினாள். ஒருமுறை உறுதியா என்று போனும் கேட்டது போலிருக்கிறது, மறுபடியும் அழுத்தினாள். தங்கை அவளைப் பார்க்காமல் ஆப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அவன் பரீட்சை வரை இருந்தான், அங்கிருந்தே பேருந்தில் தன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தான். பள்ளிக்கூடத்தில் மடியைத் தட்டிக் காட்டியவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். பதிவை அழித்ததற்காக எவனும் திருந்தவில்லை. ஆனால் வேறொருவன் ஆங்கில வகுப்பில் வாந்தியெடுத்து அகப்பட்டுக்கொண்டதும் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. பிள்ளைகளின் கருணை அப்படித்தான், அடுத்த இளிச்சவாயன் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் அக்கா வந்தாள். வாயைத் திறந்தால் கேள்வி வந்துவிடும் என்று தங்கை அவள் கையில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்துவிடுவாள். அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பான், அக்கா வெங்காயம் உரிப்பாள். கண்ணில் தண்ணீர் வந்தாலும் காரணம் கேட்க அவசியமில்லை. மூன்றாவது ஞாயிறோ நாலாவதோ, அவனாகவே கணக்கு வாத்தியாரைப் பற்றி எதையோ சொல்லிச் சிரித்தான். அக்கா உரித்துக்கொண்டே கேட்டாள். கிளம்பும்போது வாசலில் தங்கையிடம், "மௌனத்துக்கு எவ்வளவு சக்தி இருக்கு பாரேன், இதை வச்சே ஒரு பேச்சு..." என்று ஆரம்பித்தாள். தங்கை பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது, மிஞ்சிப்போனால் ஆடாமல் பிடித்துவைக்கலாம்.

பரீட்சை முடிந்து அவன் தன் வீட்டுக்குப் போனான். அக்கா இப்போது பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, கணவர்களைப் பற்றிப் பேசுகிறாள். பார்க்கிற கூட்டம் இன்னும் பெருகியிருக்கிறது. அத்தான் எதையும் அவளிடம் மனம் விட்டுச் சொல்வதில்லை என்பதால் இதுவரை ஆபத்தில்லை.

பேக்கரியில்தான் நஷ்டம். டீ வேளையில் எல்லோரும் கூடி, "அப்புறம், உங்க பசங்க என்ன பண்றாங்க?" என்று ஆவலாகக் கேட்பார்கள்.

"வளருதுங்க" என்பாள்.

முதல் நாள் அதைச் சொல்வதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அன்று காலைதான் மகன் சலவைப் பொடி என்று நினைத்து மைதாவைப் போட்டுச் சட்டையை ஊறவைத்திருந்தான். அதைவிட நல்ல கதை அவளுக்கு அந்த வருஷத்தில் கிடைத்ததில்லை. தொண்டை வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினாள். மாவு பிசைகிறவர் ஏமாந்து போனார். பாத்திரம் கழுவுகிற அம்மா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

வாய் சும்மா இருக்குமா? கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவருக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது.

"என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"அதைத்தான் சொல்றேன்."

மகளின் "ம்" உடனே மாறிவிடவில்லை. பழைய இடத்திலேயே இருந்தது. தாய் மாறிவிட்டாள் என்று நம்ப அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு முறை சோதித்தும் பார்த்தாள். வேண்டுமென்றே ஏதாவது அசட்டுச் சேதியைச் சொல்லிவிட்டு, அது பேக்கரியிலிருந்து திரும்பி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. அப்போதும் தாய் கத்தியது குறையவில்லை. கதவை அறைந்து சாத்தினால் கதவுக்குப் பரிந்து கத்தினாள், சீப்பில் முடியை விட்டால் சீப்புக்குப் பரிந்து கத்தினாள்.

ஒரு மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், ஒரு விஷயம் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை தாய் குறுக்கே பேசவில்லை. அதற்கு அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நடுவில் கேலி செய்ய அருமையான இடங்கள் இரண்டு மூன்று வந்தன, ஒவ்வொன்றையும் கண்ணெதிரே போகவிட்டாள். கடைசியில் "சரி, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். மகள் எழுந்து போனாள். போகும்போது கதவைச் சாத்தினாள், ஆனால் தாழ்ப்பாள் போடவில்லை. பசியாகவும் இருக்கலாம்.

கூடத்து நாற்காலியிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன சொன்னா?"

அவள் மடித்த துணிகளை அடுக்கினாள்.

"உங்களுக்கு எதுக்கு? டீ ஆறுது, குடிங்க."